அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கான மும்பை இன்டர்வியூ அன்று உங்களிடம் என்ன கேட்டார்கள்?

நகரி தறிக்காரன்:

எங்களுடையது எஃப்-4 கேஸ், அமெரிக்க சிட்டிசனின் உடன்பிறந்தவர் வகை. அக்கா 2006 தொடக்கத்தில் எனக்காகப் போட்ட ஐ-130 பெட்டிஷன். இன்டர்வியூ வந்தது 2024 கடைசியில். நடுவில் நடந்ததெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. ரேணிகுண்டாவில் ரயில் ஏறி மும்பை. மெடிக்கல், கைரேகை, அப்புறம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் அமெரிக்கக் கான்சுலேட்.

முதல் கவுன்டரில் இருந்த அம்மா எங்கள் விலாசத்தைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஆரம்பித்தார். என் மனைவி அவருக்குத் தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டே பையனைத் தமிழில் அதட்டினாள். நகரியில் இது தினம் நடப்பது. ஒரிஜினல்களைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்கள்.

அப்புறம் அதிகாரி. சின்ன வயது, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். வலது கையைத் தூக்கச் சொல்லி, உண்மையே பேசுவோம் என்று உறுதி வாங்கினார். அக்கா எந்த ஊரில் இருக்கிறார், கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன தொழில். விசைத்தறி என்றேன். புரியவில்லையோ என்று நாடா ஓடுவதைக் கையால் காட்டினேன். சிரித்தார். நானும் கொஞ்சம் தைரியமானேன். அப்போதுதான் கேட்டார்: எத்தனை பிள்ளைகள்?

'ஒன்று' என்றேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் 1999, மகன் 2002. பெட்டிஷன் அப்ரூவ் ஆக எடுத்த 3 வருடத்தை சிஎஸ்பிஏ (காத்திருப்பில் பிள்ளைகளின் வயது ஏறிப்போகாமல் காக்கும் சட்டம்) கணக்குப்படி வயதில் கழித்துக்கொள்ளலாம். கழித்தால் மகன் 19-ல் நிற்கிறான், மகள் 21-ஐத் தாண்டிவிடுகிறாள், எங்களோடு வர முடியாது. இந்தக் கணக்கை வீட்டில் ஆயிரம் தடவை போட்டிருக்கிறோம். 'வருகிறவன் ஒருவன்தான்' என்று சொல்லிச் சொல்லி, அதுதான் வாயில் வந்துவிட்டது.

அவர் திரையைப் பார்த்துவிட்டு, 'ஃபார்மில் இரண்டு என்று இருக்கிறதே' என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி 'டூ சார், டூ' என்று இரண்டு விரலைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். விரலை எடுத்த பிறகும் அந்த இரண்டு அடையாளமும் கண்ணாடியில் இருந்தன. மிச்சக் கேள்விகளுக்கு அதைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

விசா கிடைத்துவிட்டது. மகளும் எங்களோடு மும்பை வந்திருந்தாள், வெளியே காத்திருந்தாள். 'என்னப்பா கேட்டாங்க?' என்றாள். 'அத்தையைப் பத்தித்தான்மா' என்றேன்.

உங்களுக்கெல்லாம் அன்றைக்கு எப்படிப் போனது? சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

அண்ணா, படித்ததும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. என்னுடையதைச் சொல்கிறேன்.

சிஆர்-1, கணவன் மனைவி வகை. என் வீட்டுக்காரர் ஹூஸ்டனில், நான் கொழிஞ்சாம்பாறையில். கோயம்புத்தூரிலிருந்து அப்பாவோடு விமானத்தில் போனேன். அப்பாவை உள்ளே விடவில்லை. ஆல்பம் ஏழு கிலோ இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் ஒரு கவரில் பத்துப் படம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

அதிகாரி பெண். சாட், போன் பில், டிக்கெட் எதையும் கேட்கவில்லை. ஆல்பத்தில் நடுப்பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார். தாலி கட்டும் படம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'ஏன் யாருமே சிரிக்கவில்லை?' என்றார்.

ஊரில் ஸ்டூடியோக்காரர் அன்று முழுக்க 'சிரிக்காதீங்க, பல்லு தெரியுது' என்று விரட்டிக்கொண்டே இருந்தார். அதை எப்படி இங்கிலீஷில் சொல்வது? 'முகூர்த்தம் நாலரைக்கு மேடம், காலை நாலரை' என்றேன். 'காலையிலா?' என்றார். 'முதல் நாள் இரவு யாரும் தூங்கவில்லை' என்றேன். ஏதோ தட்டச்சு செய்தார். அவ்வளவுதான், அப்ரூவ்ட். அந்த நாலரை மணியைத்தான் கேஸ் ஃபைலில் எழுதிவைத்திருப்பார் என்று இப்போதும் எனக்கு ஒரு நினைப்பு.

இன்னொன்று. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, ஒரே பெயர்தான். விசாவில் அந்தப் பெயரை சர்நேம் இடத்தில் போட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அடித்திருந்தார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். வீட்டுக்காரர் இப்போது என்னை ஃபனு என்றுதான் கூப்பிடுகிறார். போகிறவர்கள் முடிந்தால் பாஸ்போர்ட்டிலேயே பெயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு போங்கள்.

திருத்தணி வாத்தியார்:

நகரி தம்பி, வருத்தப்படாதீர்கள். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கையைத் தூக்கி உறுதி கொடுத்த பிறகு இரண்டை ஒன்று என்று சொல்வது விளையாட்டு இல்லை. டிஎஸ்-260 விசா விண்ணப்பத்தில், கூட வருகிற பிள்ளை, வராத பிள்ளை, கல்யாணமான பிள்ளை எல்லாரையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். ஃபார்மில் சரியாக இருந்ததால் தப்பித்தீர்கள்.

என் அனுபவம் சுருக்கமானது. மகன் சிட்டிசன், எனக்கு ஐஆர்-5, பெற்றோர் வகை. இதில் வருடக்கணக்கான வரிசை கிடையாது. நான் 1954-ல் திருத்தணியில் பிறந்தவன். அப்போது திருத்தணி சித்தூர் மாவட்டம், ஆந்திரா. இரண்டு மாநிலத்துக்கும் எல்லை பிரித்த பட்டாஸ்கர் தீர்ப்புப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், இப்போது இருப்பதும் புத்தூர், அது ஆந்திரா. அந்தப் புத்தூரும் 2022-ல் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆகவே என் பள்ளிச் சான்றில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. இதைக் கேட்பார்கள் என்று இரண்டு வரைபடம் ஜெராக்ஸ் எடுத்து, எல்லையைச் சிவப்பு மையில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அந்த அதிகாரி 'மகனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்' என்று ஒரே கேள்விதான் கேட்டார். நானாக வரைபடத்தை எடுத்துக் கண்ணாடியில் வைத்தேன். 'தட்ஸ் ஓகே சார்' என்று கையைக் காட்டினார். முப்பது வருடம் வகுப்பு எடுத்தவனை இரண்டு நிமிடத்தில் உட்கார வைத்துவிட்டார்.

சரி, போகிறவர்களுக்குச் சில யோசனைகள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அமலுக்கு வந்தது 1970 ஏப்ரலில். அதற்கு முன் பிறந்த நம்மைப் போன்றவர்களில் பலருக்குப் பிறப்புச் சான்று கிடையாது, அதற்காக யாரிடமும் புதிதாக ஒன்று 'தயார் செய்து' வாங்க வேண்டாம். பள்ளிச் சான்று, நெருங்கிய மூத்த உறவினர்களின் உறுதிமொழிப் பத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ், மலையாளம், தெலுங்கில் மட்டும் இருக்கும் சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். வருகிறவரைத் தாங்குவேன் என்று ஸ்பான்சர் எழுதித் தரும் ஐ-864-ல் குடும்ப எண்ணிக்கையைக் கூட்டுவதில் பலர் தவறுகிறார்கள். அமெரிக்க ஏழ்மைக் கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் வேண்டும், போதாவிட்டால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராக வரலாம். விசா வந்த பிறகு 235 டாலர் தனியாகக் கட்ட வேண்டும், இன்டர்வியூவுக்கு முன் கட்டிய 325-ல் அது சேராது. பிசிசி, அதாவது போலீஸ் சான்று, பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் ஒன்று எடுத்தால் போதும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பெண்கள் கண்ணாடி வளையலைக் குறைத்துக்கொண்டால் ஸ்கேனரில் நேரம் மிச்சம்.

பாறசாலை பழைய கல்ஃப்:

வாத்தியார் ஐயா, 'ஒன்று எடுத்தால் போதும்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே. அந்த ஒரு வரியால்தான் எனக்கு மூன்று மாதம் போனது.

நான் ஷார்ஜாவில் ஆறு வருடம் இருந்தவன். 16 வயதுக்குப் பிறகு வேறு நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் வேண்டும். ஊரில் ஃபார்ம் நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட் 'அதெல்லாம் இந்தியா பிசிசி போதும்ணே' என்றார், உங்களைப் போலவே. இந்தப் பக்கம் இரண்டு வீட்டுக்கு ஒருவர் கல்ஃப் போய் வந்தவர். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இன்டர்வியூ நன்றாகத்தான் போனது. மனைவி எங்கே வேலை, எப்போது கல்யாணம், எல்லாம் சொன்னேன். கடைசியில் 'யுஏஇ போலீஸ் சர்டிபிகேட்?' என்றார். நான் இந்தியா பிசிசியை இன்னொரு தடவை நீட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஒரு சீட்டில் டிக் போட்டு ஜன்னலுக்குக் கீழே தள்ளினார். 221(ஜி).

அது முடிவான நிராகரிப்பு இல்லை, கேட்ட காகிதத்தை ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் மேற்கொண்டு பார்ப்பார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் இணையத்தில் கேஸ் நம்பரைப் போட்டால் 'ரெஃப்யூஸ்டு' என்று பெரிதாக வருகிறது. வீட்டில் மச்சினன் அதைப் பார்த்துவிட்டுச் சத்தமாகப் படித்திருக்கிறான். நான் திருவனந்தபுரத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலில் பத்து ஜோடி செருப்பு. மாமியார் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கஞ்சி எடுத்துவந்து வைத்தார். சாவு வீட்டில் வைப்பது போல. அந்தக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே 'இது ரெஃப்யூஸ் இல்லை' என்று ஒவ்வொருவருக்காக விளக்கினேன். யாரும் நம்பவில்லை.

அப்புறம் சான்று வந்து, அனுப்பி, விசாவும் வந்தது. மாமியார் இன்னும் பாதிதான் நம்புகிறார்.

திருத்தணி வாத்தியார்:

நான் கல்ஃப் போனதில்லை. எனக்கு ஒன்று போதுமாகத்தான் இருந்தது.

குமுளி நர்ஸ்:

சண்டையை விடுங்கள். இன்டர்வியூ வரைக்கும் போனவர்கள் எல்லாரும் பாக்கியவான்கள்.

எனக்கு இபி-3, வேலை வழி வகை, நர்ஸ் கேஸ். என் நர்ஸ் தகுதியைச் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்று முதற்கொண்டு எல்லாம் ரெடி. மெடிக்கலில் மாட்டியது என் வீட்டுக்காரர். பீர்மேடு எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர், 14 வயதில் டிபி வந்து மாத்திரை முழுசாகச் சாப்பிட்டுக் குணமானது. அவரே மறந்துபோன விஷயம். அன்று எக்ஸ்ரே அறையிலிருந்து டெக்னீஷியன் தலையை நீட்டி, 'இன்னொரு படம் எடுத்துக்கலாம், கொஞ்சம் திரும்பி நில்லுங்க' என்றார். ரொம்ப சாதாரணமாக. இந்தக் குரலில் நானே எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன்! வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, 'நல்ல ஆளு, ரெண்டு தடவை எடுத்தாரு' என்றார்.

தொடர்ந்து மூன்று நாள், விடியற்காலைச் சளி. சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு எட்டு வாரம். இன்டர்வியூ தேதி கடந்துபோய், மறுபடி தேதி வாங்கினோம். கல்ச்சரில் ஒன்றும் இல்லை, அது வெறும் பழைய தழும்புதான். பழைய டிபி இருந்தவர்கள் சிகிச்சை எடுத்த சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எங்களிடம் இல்லை. எஸ்டேட் டிஸ்பென்சரி மூடியே பல வருடமாகிறது.

நகரி தறிக்காரன்:

வாத்தியார் சார் சொன்னதில் தப்பில்லை. ஃபார்மில் சரியாக இருந்ததால்தான் தப்பித்தேன். ஆனால் அந்த ஃபார்மை நிரப்பியது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. எனக்கும் மனைவிக்கும் கம்ப்யூட்டர் வராது. மூன்று இரவு உட்கார்ந்து டிஎஸ்-260 முழுவதையும் அடித்தது மகள்தான். பிள்ளைகள் பகுதியில் முதலில் தன் பெயர், பிறந்த தேதி. கீழே 'உங்களோடு குடியேறுகிறாரா' என்று ஒரு கேள்வி வரும். அதற்கு 'இல்லை' என்று அவளேதான் போட்டாள். போட்டுவிட்டு, 'அப்பா, தம்பியோட பாஸ்போர்ட் நம்பர் சொல்லு' என்றாள்.

குமுளி அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

குப்பம் புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வரும் வியாழன் இன்டர்வியூ, தனியாகத்தான் போகிறேன். ஒரு சின்ன சந்தேகம். போன் உள்ளே விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால் எங்கே வைப்பது?

நகரி தறிக்காரன்:

விடமாட்டார்கள் தம்பி. ஸ்மார்ட் வாட்ச்கூட வேண்டாம். தனியாகப் போகிறீர்கள் என்றால் தங்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள், திரும்பிவர விலாசத்தைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

எங்கள் மூன்று போனும் மகளிடம் இருந்தன. வெளியே வந்து அவளைக் கூப்பிடலாம் என்று பையில் கையை விட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. எங்கே நிற்கிறாள் என்று தெரியாது. வெயில் வேறு. பையன் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்று தேடிப்போனோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை நிழலில் நின்றிருந்தாள், மூன்று போனையும் துப்பட்டாவில் முடிந்து வைத்துக்கொண்டு.