மருத்துவரிடம் பைண்டர் பற்றி எப்போது சொல்வது?

கேள்வி: நான் ஒரு திருநம்பி. மூன்று வாரமாக இருமல் நீடிப்பதால் நாளை மருத்துவரைப் பார்க்கவிருக்கிறேன். பைண்டர் (மார்பைத் தட்டையாகக் காட்டும் இறுக்கமான உள்ளாடை) அணிந்திருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டுமா, அல்லது அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்கும்வரை காத்திருக்கலாமா?

பதில் 1: முதலிலேயே சொல்லிவிடுங்கள். இறுக்கமான துணி ஆழ்ந்து மூச்சிழுக்க விடாது என்பதால் நுரையீரலின் ஒலி சரியாகக் கேட்காமல் போகலாம். மார்பு எக்ஸ்ரே, இ.சி.ஜி. எடுப்பதென்றால் எப்படியும் கழற்றத்தான் வேண்டியிருக்கும். தளர்வான சட்டை அணிந்து செல்லுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்பதால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம்; அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். இருமல் தீரும்வரை பைண்டரைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

பதில் 2: பரிசோதனையின்போது திரைமறைவும், உடன் ஒரு நண்பரும் வேண்டுமெனக் கேளுங்கள். மருத்துவச் சேவையில் திருநருக்கு எதிரான பாகுபாட்டை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் பெரும்பாலும் பணிவான ஒரு வேண்டுகோளே போதும்.

கேட்டவர்: நன்றி, தோழர்களே. பெரிய சட்டையாக ஒன்றை எடுத்து வைத்துவிட்டேன்.