பொப்பர் தாழ்கிறது, அவசர உதவி!

கடலோரன்:
வணக்கம். அச்சுக்குள் போம் வைத்து, ரெசின் வார்த்துப் பொப்பர் (தண்ணீர் மேலே மிதக்கிற, மீன் பிடிக்கும் பொய் இரை) செய்தேன். தண்ணீரில் விட்டதும் கல்லு மாதிரிப் போகிறது. போம் இருக்கும்போது எப்படித் தாழும்? சனிக்கிழமை பொல்கொடை ஏரிக்கு மீன்பிடிக்கப் போகவேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மோதரை மச்சான்:
என்ன ரெசின்? என்ன போம்? ஈயம் எவ்வளவு, எந்தப் பக்கம்?

ரீல்ராசா:
இது ஈரப்பதன் வேலை. கொழும்புக் காற்றில் பொலியூரிதேன் ரெசின் போத்தலைத் திறந்தாலே கெட்டுவிடும். ஏசி அறையில் வார்த்துப் பாருங்கள், சரியாகும்.

மோதரை மச்சான்:
அண்ணை, அவர் பொலியூரிதேன் என்று எங்கே சொன்னார்? ஈரம் பட்டால் அதில் வாயு கிளம்பிக் குமிழ்தான் விழும். பாரம் குறையுமே தவிர அதிகரிக்காது.

பழைய தூண்டில்:
தம்பி, ஆர்க்கிமிடிஸ் பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்ததுதானே? விளிம்புவரை நிரப்பிய கோப்பையில் பொப்பரை அமுக்குங்கள். 40 மில்லிலீற்றர் வழிந்தால், கொழுக்கி, வளையம் எல்லாம் சேர்த்து 40 கிராமுக்குக் குறைய இருக்கவேண்டும். கடல் என்றால் இன்னும் ஒரு கிராம் தாங்கும், அவ்வளவுதான். ரெசின் தனியே தண்ணீரைவிடப் பாரம். இதைக்கூட நிறுத்துப் பார்க்காமல் வார்க்க வெளிக்கிட்டால் என்ன செய்வது?

கடலோரன்:
வள்ளம் திருத்துகிற இடத்தில் வாங்கிய ரெசின். ஹார்டனர் சொட்டுச் சொட்டாக விடுவது, மணம் தலையிடிக்கும். போம், டீவி பெட்டிக்குள் வந்த ரெஜிபோம். ஈயம் வாலில் கொஞ்சம்.

தெஹிவளை ஜிக்:
ஆ, இதை முதலே சொல்லியிருக்கலாம். அது பொலியெஸ்டர் ரெசின். அதில் இருக்கிற ஸ்டைரீன் என்ற கரைப்பான் ரெஜிபோமைக் கரைத்துவிடும், இறுகும்போது வரும் சூடும் சேர்ந்துகொள்ளும். போம் இருந்த இடத்தில் ரெசின் நிரம்பியிருக்கும். ஒன்றை வாளால் அறுத்துப் பாருங்கள்.

ரெஜிபோம்தான் வேண்டும் என்றால் முதலில் எபொக்சி (ஸ்டைரீன் இல்லாத வேறு ரெசின்) பூசி நன்றாக இறுக விடுங்கள். ஊசித்துவாரம் ஒன்று இருந்தாலும் ஸ்டைரீன் உள்ளே போய்விடும். பிறகு அரத்தாளால் தேய்த்தால்தான் மேலே வார்ப்பது பிடிக்கும். அல்லது போமை விட்டுவிட்டு ரெசினில் மைக்ரோபலூன் (உள்ளே வெற்றான நுண்ணிய உருண்டைகளின் தூள்) கலக்கலாம். அந்தத் தூள் மூக்கில் ஏறும், முகக்கவசம் கட்டாயம்.

பழைய தூண்டில்:
இவ்வளவு இரசாயனம் எதற்கு? அம்பலாங்கொடையில் முகமூடி செதுக்குகிற கதுரு மரத்தில் ஒரு துண்டு போதும்.

ரீல்ராசா:
மரம் தண்ணீர் குடிக்கும் ஐயா. வார்னிஷ் ஒரு இடத்தில் வெடித்தால் முடிந்தது.

பழைய தூண்டில்:
ஒழுங்காக வார்னிஷ் அடிக்கத் தெரியாதவருக்கு வெடிக்கும்தான்.

ரீல்ராசா:
ஒரே அச்சில் வார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி நீந்தும். கத்தியால் செதுக்கி அப்படி இரண்டு எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

மோதரை மச்சான்:
இரண்டு பேரும் கம்பியை மறந்துவிட்டீர்கள். மூக்கிலிருந்து வால்வரை ஒரே துருவேறாக் கம்பி ஓடாவிட்டால், பெரிய பாரை கொழுக்கியைப் பிடுங்கிக்கொண்டு போகும். மரமோ ரெசினோ, அதன் பிறகு என்ன?

கடலோரன்:
அறுத்துப் பார்த்தேன், உள்ளே போமே இல்லை. எபொக்சி பூசி வார்த்தது மிதக்கிறது, வால் தாழ்ந்து மூக்கு மேலே. நன்றி எல்லோருக்கும்.

தெஹிவளை ஜிக்:
நல்லது. எபொக்சி எத்தனை கோட் அடித்தீர்கள்? கம்பி போட்டீர்களா?

மோதரை மச்சான்:
ஆள் பொல்கொடைக்குப் போய்விட்டார் போல.