காப்பர் பைப் பிரேசிங்: எந்த கேஸ், எந்த சிலிண்டர்? வேலையில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஸ்பிளிட் ஏசி வேலை, கோயம்புத்தூர்

பிரேசிங் என்றால் பைப்பை உருக்காமல், ராடு எனும் ஒட்டுக் கம்பியை மட்டும் சுடரில் உருக்கி பைப்புகளை ஒட்டுவது. புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த செட் வாங்கலாம்?" என்றுதான். பைப் என்ன சைஸ், எந்த இடத்தில் நின்று ஒட்டப்போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் கேஸைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வீட்டு ஏசியில் வருவது 1/4, 3/8, 1/2, 5/8 இன்ச் பைப்தான். இதற்குக் கையில் பிடிக்கிற மஞ்சள் கேன் போதும். மேப் கேஸ் என்று கேட்டு வாங்குகிறோம், இப்போது அதற்குள் இருப்பது பெரும்பாலும் புரோப்பிலீன். ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் காற்று வீசும் பால்கனியில், 7/8 பைப்பில் இது திணறும். காப்பர் சூட்டை இழுத்துக்கொண்டே போகும், ராடு ஓடாமல் உருண்டை உருண்டையாக நின்றுவிடும்.

அந்த சைஸுக்கு மேலே எல்பிஜி-ஆக்சிஜன்தான் என் தேர்வு. நாம் போடும் பாஸ்பரஸ்-காப்பர் ராடு 710 டிகிரியில் இளகத் தொடங்கி 800-க்குள் முழுதாக உருகிவிடும். காப்பர் பைப்பே உருகுவது 1085-இல். இந்த இடைவெளிக்குள் வேலையை முடிக்க வேண்டும். அசிட்டிலின் சுடர் 3100 டிகிரியைத் தொடும், நுனி ஒரே இடத்தில் நின்றால் பைப் ஓட்டை. எல்பிஜி சுடர் 2800 பக்கம், சூடும் நுனியில் குவியாமல் வெளிச்சுடரில் பரவியிருக்கும். பைப்பைச் சுற்றிச் சீராகச் சூடேற்ற இதுதான் தோது.

கேஸ் சரி, சிலிண்டர்? இங்கேதான் நம் ஆட்களிடம் எனக்கு வருத்தம். வீட்டுச் சமையல் சிலிண்டரை வேலைக்கு எடுத்து வருவது 2000-ஆம் ஆண்டு எல்பிஜி ஆணைப்படி குற்றம். அதைவிட மோசம், அதிலிருந்து குட்டி சிலிண்டருக்கு மாற்றி நிரப்புவது. எல்பிஜி வெயிலில் விரியும். அதனால்தான் பிளான்ட்டில் மேலே காலி இடம் விட்டு நிரப்புகிறார்கள். சந்துக் கடையில் நிரப்புகிறவர் அந்த இடத்தை எப்படி அளப்பார்?

ஒரு சித்திரை மாதம், பல்லடம் ரோட்டில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி. பக்கத்து டீம் கொண்டுவந்த குட்டி சிலிண்டர் வெயிலிலேயே கிடந்தது. மத்தியானம் அதன் வால்வு சீற ஆரம்பித்தது. டார்ச்சை அணைக்கச் சொல்லிக் கத்திவிட்டு, டேங்க் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் குளிரவைத்தோம். கேஸ் காற்றைவிடக் கனம் அல்லவா, படிக்கட்டு வழியாக இறங்கி இரண்டாம் மாடியில் வாசனை அடித்தது. அங்கே யாரோ ஒருவர் பீடி பற்றவைத்திருந்தால்? அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

5 கிலோ சிலிண்டரை முறைப்படி விற்கிறார்கள், அதை வாங்குங்கள். வாங்கும்போது மேல் பட்டையில் உள்ள எழுத்தைப் பாருங்கள். பி-27 என்றால் 2027 ஏப்ரல்-ஜூன் காலாண்டோடு அதன் பரிசோதனைக் கெடு முடிகிறது. பைக்கில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். கேஸ் சிலிண்டர் விதிகள் இருசக்கர வண்டியில் ஏற்றவே கூடாது என்கின்றன. ஆட்டோ வாடகையைப் பில்லில் சேர்த்துக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

உங்கள் அனுபவம் என்ன?

ஐடிஐ பயிற்றுநர், திருச்சி

அண்ணன் சொன்னதில் அசிட்டிலின் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் சில்லர் வேலைகளில் இன்னும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

அசிட்டிலின் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருள் நிரம்பியிருக்கும், அதில் அசிட்டோன் ஊறியிருக்கும், கேஸ் அந்த அசிட்டோனில் கரைந்திருக்கும். படுக்கவைத்து எடுத்தால் அசிட்டோனும் சேர்ந்து வந்துவிடும். வண்டியில் படுத்தபடி வந்த சிலிண்டரை நிமிர்த்தி, சில மணி நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும். வெளியே எடுக்கும் அழுத்தம் 1 பாருக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் போனால் ஆக்சிஜன் இல்லாமலே அது தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடிய கேஸ். ஒரு மணி நேரத்தில் சிலிண்டரின் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் இழுக்கவும் கூடாது. பெரிய நாசிலைக் குட்டி சிலிண்டரில் மாட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது நான் நேரில் பார்த்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் அசிட்டிலின் வரும் சிவப்பு ஹோஸ் நடுவில் கிழிந்திருக்கிறது. ஏசி கடையில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் காப்பர் துண்டுக்குப் பஞ்சமில்லை. பையன் ஒரு 3/8 துண்டை இரண்டு பக்கமும் சொருகி, கிளாம்ப் போட்டு, வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அசிட்டிலின் காப்பரோடு தொடர்ந்து தொட்டுக்கொண்டிருந்தால் காப்பர் அசிட்டிலைடு உண்டாகும். காய்ந்த நிலையில் ஒரு தட்டு, ஓர் உரசல் போதும், வெடிக்கும். "காப்பரைத்தானே சார் தினமும் ஒட்டுகிறோம்?" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. வெளியே சுடர் படுவதில் பிரச்சினை இல்லை, எரியாத கேஸ் காப்பருக்குள் ஓடுவதில்தான் ஆபத்து. கிழிந்த ஹோஸை மாற்றிவிடுங்கள், ஒட்டுப்போட வேண்டாம்.

சுடர் ஹோஸ் வழியாகப் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாத செட்டை நான் மாணவர்கள் கையில் கொடுப்பதில்லை. எல்பிஜி செட்டானாலும் அதேதான்.

கோல்டு ரூம் வேலை, ஊட்டி

எங்கள் ஊர்க் கஷ்டம் வேறு. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை எல்பிஜி சுடர் சுருங்கிப்போகும். நம் எல்பிஜியில் பியூட்டேனும் கலந்திருக்கிறது, அது கிட்டத்தட்ட 0 டிகிரியில் ஆவியாவதை நிறுத்திவிடும். குட்டி சிலிண்டரில் வேகமாக இழுத்தால் கோடையிலும் வெளியே பனி படியும். ஒரு ஹோட்டல் வேலையில் கூட வந்தவர் அட்டைப்பெட்டியைக் கொளுத்தி சிலிண்டருக்கு அடியில் தள்ளப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். 19 கிலோ சிலிண்டர் வரவழைத்து, வெயில் வந்தபிறகு வேலையை ஆரம்பித்தோம். சிலிண்டர் பெரிதானால் உள்ளே திரவத்தின் பரப்பும் பெரிது, சுடர் நின்று எரிந்தது.

ஃபிரிட்ஜ் ரிப்பேர், மதுரை

என் பயம் சிலிண்டரைவிட பைப்புக்குள் இருப்பதன் மேல்தான். இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சில பத்து கிராம்தான், ஆனால் எரியும். பழைய ஜாயிண்டை டார்ச் வைத்துப் பிரிக்கும் பழக்கத்தை விடுங்கள். கேஸை வெளியேற்றி, கட்டரால் அறுத்து, நைட்ரஜன் விட்டுக் கழுவியபிறகே நெருப்பு. பழைய ஏசிகளில் வரும் ஆர்-22 குளிரூட்டும் கேஸ் மிச்சமிருக்கும் பைப்பில் சுடர் பட்டால் வரும் புகை மூக்கையும் நெஞ்சையும் அறுக்கும், அது விஷப் புகை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நைட்ரஜன் இல்லை என்று ஆக்சிஜனை ஏற்றி லீக் டெஸ்ட் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீக்குச்சியே வேண்டாம். எங்கள் பேட்டையில் ஒரு கடையில் கம்ப்ரசர் ஓடு பிளந்து சுவரில் போய்ப் பதிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று அந்த நேரத்தில் கடைப்பையன் டீ வாங்கப் போயிருந்தான். ஒரு நைட்ரஜன் சிலிண்டர் வாடகை என்ன பெரிய காசு?

ஆஸ்பத்திரி கேஸ் பைப்லைன் வேலை, சென்னை

மதுரை அண்ணன் சொன்னதைக் கும்பிட்டு ஏற்கிறேன். எங்கள் வேலையில் ஒட்டும்போது பைப்புக்குள் நைட்ரஜன் விடாமல் ஒரு ஜாயிண்டும் கிடையாது. விடாவிட்டால் பைப்புக்குள் கருப்புப் பொருக்கு கட்டும், எங்கள் லைனில் அது நோயாளியின் மூச்சுக்குப் போகும், உங்கள் லைனில் கேப்பிலரி எனும் மெல்லிய குழாயை அடைக்கும். மெல்லிய ஓட்டம் போதும், மறுமுனை திறந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே அழுத்தம் கூடி உருகிய ராடையே வெளியே தள்ளிவிடும்.

சிலிண்டர் நிறத்தைப் பாருங்கள். ஆக்சிஜன் கருப்பு, நைட்ரஜன் சாம்பல் உடம்பும் கருப்புக் கழுத்தும், அசிட்டிலின் மெரூன். ஆனால் சைட்டில் தூசியும் பழைய பெயிண்டும் ஏமாற்றும், லேபிளைப் படித்துவிட்டே மாட்டுங்கள். எரிகிற கேஸுக்கு இடதுமரை, ஆக்சிஜனுக்கு வலதுமரை. நட்டு ஏறவில்லை என்றால் ஸ்பேனர் போட்டு இறுக்காதீர்கள், தவறான சிலிண்டரில் நிற்கிறீர்கள். ஆக்சிஜன் வால்வில் கிரீஸ், எண்ணெய்க் கை இரண்டும் படக்கூடாது.

ஸ்பிளிட் ஏசி வேலை, கோயம்புத்தூர்

தனியாக ஒரு தம்பி கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கேனை ரீஃபில் செய்யலாமா? வேண்டாம். அது ஒருமுறை பயன்படுத்தத்தான் செய்தது, அதன் வால்வு மறுபடி நிரப்பினால் சரியாக மூடும் என்று நம்ப முடியாது. ரீஃபில் அடாப்டர் விற்கிறார்கள், வாங்காதீர்கள். வேலை முடிந்ததும் டார்ச்சைக் கழற்றி, வால்வு வாயில் சோப்புத் தண்ணீர் வைத்துக் குமிழி வருகிறதா பாருங்கள். வந்தால் அந்த கேனை வண்டிக்குள் ஏற்றாதீர்கள்.