மறு: 'ப்ராக்சி'க்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம் நண்பர்களே,

காலநிலைப் பாடக்குறிப்புக்காக 'ப்ராக்சி'க்குச் சொல் தேடுகிறோம். நேராக அளந்து வைக்காத பழைய மழை, வெப்பநிலை போன்றவற்றுக்குப் பதிலாக, மரவளையம், பவளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் அளவுதான் அது. ஒருவர் சொன்னது:

> காலநிலை ஆய்விலும் 'பதிலாள்' என்றே வைத்துக்கொள்ளலாம். கணினித் தமிழில் ஏற்கெனவே இருக்கிறதே.

ஆள் எங்கே வந்தார்? மரவளையமும் பவளமும் ஆளில்லை. பதிலாள் வழங்கிக்கும் (கணினியின் 'ப்ராக்சி சர்வர்'), பங்குதாரர் கூட்டத்தில் இன்னொருவருக்காக வாக்களிப்பவருக்கும் அது சரி, இங்கே ஒட்டாது.

'தடயம்' என்று இன்னொருவர் சொன்னது எனக்கு முதலில் பிடித்திருந்தது. மாணவர்களுக்குச் சட்டென்று விளங்கும். ஆனால் தடயம் 'ஏதோ நடந்திருக்கிறது' என்று சொல்வதோடு நின்றுவிடும். ப்ராக்சியின் வேலை அதற்கும் மேலே. மழைமானி இல்லாத காலத்தின் மழையை அது எண்ணாகச் சொல்லியாக வேண்டும். மதராஸ் வானாய்வகம் வந்ததே 1792இல், இந்திய வானிலைத் துறை 1875இல். அதற்கு முந்தைய மழைக்கு எங்கே போவது? மழைக்கணக்கு கையில் இருக்கும் ஆண்டுகளில் தேக்கின் வளைய அகலத்தை அதனோடு பொருத்திப் பார்க்கிறார்கள். அந்தப் பொருத்தத்தை வைத்துக்கொண்டுதான் பின்னோக்கிப் போகிறார்கள். அது இல்லையென்றால் வளையம் வெறும் வளையம்தான்.

'கரி' என்ற பழஞ்சொல்லும் வந்தது. குறளில் 'இந்திரனே சாலுங் கரி' என்ற இடத்தில் சாட்சி என்று பொருள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஏரிச்சேற்றில் புதைந்த மரக்கரியே பழைய காட்டுத்தீக்கு ஒரு ப்ராக்சி. 'கரி என்னும் கரி' என்று எழுத வேண்டிவரும், அப்புறம் யானையும் வந்து நிற்கும் (கரிக்கு அந்தப் பொருளும் உண்டு). விட்டுவிடுவோம். 'மாற்றளவு' என்றால் காலநிலை மாற்றத்தின் அளவு என்றே படிப்பார்கள், அதுவும் வேண்டாம்.

இவ்வளவு இழுபறிக்குக் காரணம், இரண்டு பொருளை ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதுதான் என்று நினைக்கிறேன். அண்டார்க்டிகாவில் துளையிட்டு எடுத்த பனித்தண்டு ஒன்று சுமார் 8,00,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது. அந்தப் பனியில் கன ஹைட்ரஜன் (நிறை கூடிய ஹைட்ரஜன் வகை) எந்த விகிதத்தில் இருக்கிறது என்பது அன்றைய வெப்பநிலைக்கு ப்ராக்சி. அதே பனிக்குள் சிக்கிய குமிழியில் இருப்பதோ அந்தக் காலத்துக் காற்றேதான். கார்பன் டை ஆக்சைடை அதில் நேராகவே அளக்கலாம், அதற்கு ப்ராக்சி என்ற பேச்சே இல்லை. ஆக, 'பனி ஒரு ப்ராக்சி' என்று நாம் எழுதுவதே பிசகு. பனி, மரம், பவளம், ஏரிச்சேறு எல்லாம் பதிவேடு. அதிலிருந்து நாம் எடுக்கும் எண், வேறொன்றுக்குப் பதிலாக நிற்கும்போது, பதிலளவு. என் பரிந்துரை இந்த இரண்டு சொற்களும்.

ஒரு பத்தி எழுதிச் சோதித்துப் பார்த்தேன்:

"நீலகிரிச் சதுப்புகளில் அரைகுறையாக மட்கிப் படிந்த தாவரப் படிவு ஒரு பதிவேடு. சோலை மரங்களுக்கும் வெப்பநிலப் புற்கள் பலவற்றுக்கும் கார்பன்-13 (சற்றே நிறை கூடிய கார்பன் வகை) விகிதம் வேறு. ஆகவே படிவின் கார்பன்-13 விகிதம், அங்கே மரம் மிகுந்திருந்ததா புல் மிகுந்திருந்ததா என்பதற்குப் பதிலளவு. பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், புல்லின் கை ஓங்கியிருந்தது. பருவமழை நலிந்திருந்தது என்பது இதிலிருந்து கொள்ளும் முடிவு."

படிக்கத் தடங்கல் இல்லை. எழுதி முடித்ததும் ஒன்று தோன்றியது. அந்தக் காலத்துக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 190 பங்குதான். தொழிற்புரட்சிக்கு முன் அது 280. குறைந்த கார்பன் டை ஆக்சைடும் அந்த வெப்பநிலப் புற்களுக்குச் சாதகம். அப்படியென்றால் அந்த எண் வறட்சிக்குப் பதிலா, காற்றுக்குப் பதிலா? 'தடயம்' என்று எழுதியிருந்தால் எனக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. 'பதிலளவு' என்றதும் 'எதற்குப் பதில்?' என்று கேட்க வைக்கிறது. அதனாலேயே இந்தச் சொல்லுக்கு என் ஓட்டு.

'பதில்' என்றால் விடை என்றும் பொருள் வருமே என்று கேட்பீர்கள். வரும். 'டீக்குப் பதில் காபி' என்று சொல்லும்போது யாரும் குழம்புவதில்லை.

உறுத்தல் ஒன்றுதான். பல ப்ராக்சிகளைச் சேர்த்துவைத்துச் செய்யும் ஆய்வை 'பல்பதிலளவு ஆய்வு' என்றால் நாக்கு சுளுக்குகிறது. 'பலவழிப் பதிலளவு' கொஞ்சம் தேவலை. வேறு தோன்றினால் எழுதுங்கள். பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.