டிரை ஐஸுக்கு ‘கரிவளிக்கட்டி’ சரியா வருமா?

ஐயாவுக்கும் எல்லாருக்கும் வணக்கம், மலேசியா சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன். நம்ம சொல் பட்டியல்ல டிரை ஐஸுக்கு ‘உலர்பனி’ன்னே இருக்கட்டும், கெட்டிப் பொருள் உருகாம நேரா ஆவியாகுறதுக்குச் சொல்ற ‘பதங்கமாதலை’த்தான் ‘நேராவியாதல்’னு மாத்தணும்னு ஐயா போட்டிருந்தீங்க. எனக்கு அது தலைகீழா படுது, மாத்த வேண்டியது அந்தப் பொருளோட பேரைத்தான்.

செம்பனைத் தோட்டத்துல வளர்ற பிள்ளைக்குப் பனின்னா விடியக்காலைல புல்லு மேல நிக்கிற ஈரம், ஐஸ்னா ஐஸ் கச்சாங்ல சீவிப் போடுறது. உலர்பனின்னா அந்த ஐஸையே காய வச்சதுன்னுதான் நினைச்சுக்கும், வாயில போட்டுப் பார்க்கவும் தோணும். அதுல தண்ணியே கிடையாது, கெட்டியான கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரி, வெறுங்கையால பிடிச்சா தோலு வெந்த மாதிரி ஆயிடும். டிரை ஐஸ்ங்கிறதே 1925ல அமெரிக்காவுல ஒரு கம்பெனி வியாபாரத்துக்குப் பதிவு பண்ண பேருங்க. பிரான்சுல திலோரியேன்னு ஒருத்தர் 1835லயே இந்தக் கட்டியைப் பத்தி எழுதிட்டாரு. யாவாரத்துக்கு வச்ச பேரை நாம ஏன் அப்படியே பெயர்க்கணும்? கார்பன் டை ஆக்சைடைக் கரிவளின்னு நம்ம தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்குத் தெரியும், அது கெட்டியானா கரிவளிக்கட்டி.

பேரு சரியா இருந்தா சோதனையும் நல்லா புரியும். ஒரு கண்ணாடித் தொட்டியில குட்டை, நடுத்தரம், நெட்டைன்னு மெழுகுவத்தி ஏத்தி வச்சு ஓரமா ஒரு கிண்ணத்துல வெந்நீர் ஊத்தி இடுக்கியால ஒரு துண்டைப் போட்டீங்கன்னா வெள்ளையா குபுகுபுன்னு வழியும், பிள்ளைங்க உடனே கேஸ் கேஸ்னு கத்தும். அது கேஸே இல்ல, தண்ணி ஆவி குளிர்ந்து பொடித்துளியா நிக்கிறது. கரிவளி கண்ணுக்குத் தெரியாது, காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால அடியிலேர்ந்து நிரம்பி மொதல்ல குட்டை வத்தி அணையும், அப்புறம் நடு, கடைசியா நெட்டை. வெள்ளை கொஞ்சம் கலைஞ்சதும் எரியுற குச்சியை உள்ள இறக்குங்க, ஒண்ணுமே இல்லாத எடத்துல பொசுக்குன்னு அணையும். நாசி கெராபுங்கிற நீலச் சோத்துக்குப் போடுற சங்குப்பூவை ஊற வச்ச தண்ணியில ஒரு துண்டைப் போட்டா நீலம் ஊதாப் பக்கம் போகும், கரிவளி தண்ணியில கரைஞ்சு லேசா புளிப்பாகுறதுதான் காரணம்.

கட்டியைப் பெரியவங்க மட்டும்தான் தடிப்பான கையுறை போட்டு எடுக்கணும், சன்னல் எல்லாம் தொறந்திருக்கணும். காடியில கொண்டு வரும்போதும் கண்ணாடியை இறக்கி விடுங்க. மூடி போட்ட போத்தல்ல போடவே கூடாது, ஒரு கிலோ கட்டி 500 லிட்டருக்கு மேல கேஸாகும், போத்தல் வெடிச்சிரும்.

பதங்கமாதலை மாத்தாம அப்படியே விட்ருங்க ஐயா. தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் அதுதான் பாடத்துல இருக்கு, சித்த வைத்தியத்துல சாம்பிராணிப் பதங்கம்னு இன்னும் செய்றாங்க, சட்டியில போட்டுச் சூடு காட்டினா ஆவி எழும்பி மேல்சட்டியில ஒட்டும். சாமி மேடையில டப்பாவைத் தொறந்து வச்சா கற்பூரம் உருகாமலே கரைஞ்சு போகுதே, பிள்ளைங்க வீட்லயே பாக்குறதுதான்.

—

அம்மா, கரிவளிக்கட்டிக்கு நான் சம்மதம். ஆனா பதங்கம்னா பிள்ளைக்கு எதுவும் விளங்காதே? மலாய்ல பெமெஜல்வாப்பான்னு வச்சிருக்கான், பெஜல்னா திடம், வாப்னா ஆவி, கேட்டதும் பாதி புரிஞ்சிருது. தமிழ்ல அந்த மாதிரி ஒண்ணு வேணாமா?

—

நியாயம்தான் ஐயா. அப்ப ஆரம்பப்பள்ளி வரைக்கும் நேராவியாதல்னு சொல்லிக் குடுப்போம், இடைநிலைப்பள்ளிக்குப் போறப்ப பதங்கமாதலையும் பக்கத்துல எழுதிருவோம், தமிழ்நாட்டுப் புத்தகத்தைத் தொறந்தா முழிக்கக் கூடாதுல்ல. கரிவளிக்கட்டியைப் பட்டியல்ல ஏத்திருங்க. அந்த வெள்ளை மூட்டத்துக்கும் ஒரு பேரு வேணும், பிள்ளைங்க புகைன்னு சொல்றாங்க, எனக்கு ‘நீர்மூட்டம்’ தோணுது, வேற யாருக்காச்சும் நல்லதா தோணினா போடுங்க.