கூட வேலை பார்த்த அண்ணன் தவறிட்டார், இரங்கல் கூட்டத்துல என்ன பேசுறதுன்னு தெரியல

சைடுகாரன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல ரிங் பிரேம்ல, அதாவது நூல் நூக்கற மெஷின்ல இருக்கேன், 2006ல அப்ரன்டிஸா சேர்ந்தது. மெஷின் ரிப்பேர் பார்க்கற எங்க பிட்டர் அண்ணன் போன மாசம் அரை நைட் ஷிப்டுக்கு கிளம்பிட்டு இருக்கறப்பவே வீட்டுல நெஞ்சு வலி வந்து போயிட்டாருங்க. 52 வயசுதான். வர்ற ஞாயித்துக்கிழமை கேன்டீன்ல கூட்டம் வச்சிருக்காங்க, அண்ணி வர்றாங்க, பொண்ணும் பத்தாவது படிக்கற பையனும் வர்றாங்க, நீதான் அவருகூடவே திரிஞ்சவன் நீயே பேசிருன்னு எல்லாரும் என்கிட்ட விட்டுட்டாங்க.

ரெண்டு தடவை எழுதிப் பார்த்தேன். "கடின உழைப்பாளி, அனைவரிடமும் அன்பாகப் பழகக்கூடியவர்"னு வருது. இதை யாருக்கு வேணும்னாலும் சொல்லலாமுங்க, அதுல அவரே இல்லை.

எனக்கு ஞாபகம் வர்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். சேர்ந்த புதுசுல ரோலர்ல பஞ்சு சுத்திக்கும், லேப்பிங்னு சொல்லுவோம், அப்படிச் சுத்திக்கிச்சுன்னா நான் அவசரத்துல கத்தியால கீறி எடுத்துருவேன், மழைக்காலத்துல ஈரம் ஜாஸ்தியாகி லேப்பிங்கும் ஜாஸ்தியாகும், அப்ப எத்தனை ரோலரைக் கெடுத்தேன்னு கணக்கே இல்லை. அவரு ஒரு வார்த்தை திட்டலைங்க. வெட்டுப்பட்ட ரோலரைக் கழட்டி என் கையில குடுத்து கட்டைவிரலால தடவிப் பாருன்னாரு, இந்தக் கீறல் இருக்கற வரைக்கும் இதுல வர்ற நூலு பூராம் கெட்டுத்தான் வரும்டா, கொக்கியில எடுன்னாரு. அப்புறம் தன்னோட கொக்கியையே குடுத்துட்டாரு, இன்னிக்கும் அது என் பாக்கெட்லதான் இருக்கு.

அந்தச் சத்தத்துல யாரும் வாய்ல பேச முடியாது, எல்லாம் கை ஜாடைதான். கட்டைவிரலை வாய்கிட்ட கொண்டு போனா டீ. தோளைத் தட்டினா மேஸ்திரி வர்றாருன்னு அர்த்தம். எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒண்ணு இருந்துச்சு, அவரு காது மடலைத் தொட்டாருன்னா நான் ஓடிப்போய் மெஷின்மேல உள்ளங்கையை வைக்கணும். பேரிங் போகப் போகுதுன்னா கையில ஒரு மாதிரி கொறகொறன்னு தெரியும், காதுல கேட்கறதுக்கு முன்னாடியே. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சுங்க. கண்டுபிடிச்ச அன்னிக்கு அவரு சிரிச்சதை எப்படிச் சொல்றது? இதையெல்லாம் மைக்குல சொன்னா அண்ணிக்குப் புரியுமா, இல்ல மெஷின் கதையா போயிருமா?

கண்டக்டர் மகள்:
அண்ணா, தயவுசெஞ்சு அந்த மெஷின் கதையைத்தான் சொல்லுங்க. எங்கப்பா பஸ் கண்டக்டர், நான் பிளஸ் ஒன் படிக்கும்போது இறந்துட்டார். வீட்ல அதிகம் பேசவே மாட்டார், ட்யூட்டி முடிஞ்சு வந்து குளிச்சுட்டு சாப்பிட்டுப் படுத்துடுவார், பத்தாவதுல நான் 441 எடுத்தேன்னு சொன்னப்பகூட "ம், சரி"ன்னு மட்டும்தான் சொன்னார், எனக்கு அது ரொம்ப நாள் வருத்தம். பதினாறாம் நாள் டெப்போல இருந்து ஒரு டிரைவர் மாமா வந்தார், வந்ததும் என்னைப் பார்த்து "நீதான் அந்த நானூத்தி நாப்பத்தி ஒண்ணாம்மா"ன்னு கேட்டார். ரிசல்ட் வந்த அன்னிக்கு டெப்போ வாசல் டீக்கடைல நின்னு போற வர்ற எல்லாருக்கும் அப்பா டீ வாங்கிக் குடுத்தாராம், மார்க்கைச் சொல்லிச் சொல்லி. எங்களுக்கு யாருக்குமே தெரியாது. அவர் சொல்லாம விட்டிருந்தா எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

உங்க அண்ணன் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் எப்படி இருந்தார்னு அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். பசங்களைப் பத்தி மில்லுல ஏதாவது சொல்லியிருந்தா அதையும் சேர்த்துச் சொல்லுங்க. மைக்குல முடியலைன்னா தனியா உட்கார்ந்து சொல்லுங்க.

பழைய சங்கத்து ஆள்:
தம்பி, அந்தப் பொண்ணு சொல்றது சரி. நானும் மில்லுல 31 வருஷம் இருந்து வெளியே வந்தவன், எத்தனையோ இரங்கல் கூட்டம் பார்த்துட்டேன், பேசிட்டு மாலையைப் போட்டுட்டு எல்லாரும் போயிருவாங்க, அந்தம்மா மட்டும் பேப்பரைத் தூக்கிட்டு அலைஞ்சிட்டு இருக்கும். அதனால அவங்க வர்ற அன்னிக்கே இதையும் கேட்டு வச்சுக்க.

பிஎப்ல பணம் எடுக்கறது, விதவை பென்ஷன், இன்சூரன்ஸ் மூணுக்கும் சேர்த்து இறப்புக்குன்னு ஒரே விண்ணப்பம் இருக்கு. இன்சூரன்ஸ்னு ஒண்ணு இருக்கறதே பாதிப் பேருக்குத் தெரியாது, ஏன்னா அதுக்கு நம்ம சம்பளத்துல பிடிக்கறதில்லை, முதலாளி கட்டுறது. வேலைல இருக்கும்போது இறந்தா சம்பளத்தைப் பொறுத்து அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் வரும். பென்ஷன் மனைவிக்குப் போக பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் 25 வயசு வரைக்கும் தனியா உண்டு, அந்தப் பையன் பத்தாவதுன்னா இன்னும் எத்தனை வருஷம் இருக்குன்னு பாரு. கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷ சர்வீஸ் கணக்கு இறந்தவங்களுக்குக் கிடையாது, உங்காளுக்கு எப்படியும் அதைத் தாண்டித்தான் இருக்கும். இஎஸ்ஐல இருந்தாருன்னா ஈமச்சடங்குக்கு 15,000 வரைக்கும் கேட்கலாம்.

நம்ம ஊருல மாட்டுறது இனிஷியல்லதான். ஆதார்ல ஒரு மாதிரி, பிஎப்ல ஒரு மாதிரி, பாஸ்புக்ல ஒரு மாதிரி இருக்கும். அதை முதல்ல சரிபாருங்க. நீ கூட ஒரு நாள் லீவு போட்டு அந்தம்மாகூட போயிட்டு வா தம்பி, தனியா அனுப்பாதே.

மதுரைக்காரன்:
ரொம்ப கஷ்டமா இருக்குங்க. என் அனுபவத்துல ஒண்ணு மட்டும், லாக்கரைத் திறக்கறதுக்கு முன்னாடி வீட்ல கேட்டுட்டுத் திறங்க. எங்க ஆபீஸ்ல நல்லது செய்யறதா நெனச்சு எல்லாத்தையும் கழுவித் துடைச்சு ஒரு அட்டைப்பெட்டில போட்டுக் குடுத்தோம், அந்தக்கா டிபன் பையை எடுத்து மோந்து பார்த்துட்டு "சோப்பு வாசனைதான் அடிக்குது"ன்னு சொல்லுச்சு. அன்னிக்கு எங்களுக்கு உயிரே போயிருச்சு.

சைடுகாரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து கூட்டம் முடிஞ்சது. எழுதிட்டுப் போன பேப்பரை எடுக்கவே இல்லை, ரோலர் கதையையும் காது மடலையும் மட்டும் சொன்னேன், நடுவுல ஒரு தடவை நின்னுட்டேன். அண்ணி அழுகலைங்க, உத்துக் கேட்டுட்டே இருந்தாங்க.

முடிஞ்சு வெளியே வந்தப்ப பையன் பக்கத்துல வந்து, வீட்லயும் அப்பா காதைத் தொடுவாரு, மோட்டார் போடறப்ப என்னைக் கூப்பிட்டு பைப்புமேல கையை வைக்கச் சொல்லுவாரு, எதுக்குன்னே தெரியாம வச்சுட்டு இருப்பேன்னு சொன்னான். எனக்கு அதுக்கு மேல பேச்சு வரலைங்க. மேனேஜர்கிட்ட அனுமதி வாங்கி செக்ஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். லாக்கரை அவனே திறந்தான், துணி, டிபன் பாக்ஸ், ஸ்பேனர் எல்லாம் இருந்தபடியே பையில எடுத்து வச்சுக்கிட்டான். அப்புறம் அண்ணன் பார்த்துட்டு இருந்த பிரேம்மேல கையை வச்சு ரொம்ப நேரம் நின்னான்.

சங்கத்து ஐயா, நீங்க சொன்ன மாதிரியே பாஸ்புக்ல இனிஷியல் மாறித்தான் இருக்குங்க. வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கேன், அண்ணிகூட பேங்குக்குப் போறேன். அதுக்கு ஆதார் ஜெராக்ஸ் மட்டும் போதுமா, வேற என்ன கொண்டு போகணும்?