பேத்தோவனின் ஹார்ன் சொனாட்டா: வால்வோடா, வால்வு இல்லாமலா?

மலைமுகடு:
ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவிக்கும் பியானோவுக்கும் பேத்தோவன் எழுதிய எஃப் மேஜர் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட இசைப் படைப்பு), ஓபஸ் 17. இதை இன்றைய வால்வு ஹார்னில், அதாவது விரலால் வால்வை அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றி எல்லா ஸ்வரமும் எடுக்கும் ஹார்னில், வாசித்தால் பாதி இசை போய்விடுகிறது என்பேன். 1800 ஏப்ரல் 18 அன்று வியன்னாவின் புர்க் தியேட்டரில் ஹார்ன் கலைஞர் புன்டோ இதை வாசித்தபோது வால்வே கிடையாது. குழாய் தானாகக் கொடுக்கும் ஸ்வரங்கள் கொஞ்சம்தான். மற்றதை எல்லாம் ஹார்னின் அகன்ற வாய்க்குள் வலது கையை வைத்து, அடைத்தும் திறந்தும் எடுக்க வேண்டும். அடைத்த ஸ்வரம் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பது போல ஒலிக்கும். அந்த வெளிச்சமும் நிழலும்தான் இந்த சொனாட்டா.

தென்றல்:
நான் உடன்படவில்லை. 1801இல் அச்சானபோதே வில்லால் வாசிக்கும் தந்திக் கருவியான செல்லோவுக்கும் ஒரு வடிவம் கூட வந்தது. செல்லோவில் எங்கே கை வைத்து அடைப்பது? ராகமும் கட்டுமானமும் நிற்கின்றன என்று நினைத்ததால்தானே அதை வெளியிட்டார்கள்?

மலைமுகடு:
ஹார்ன் வாசிப்பவர் எத்தனை வீட்டில் இருந்திருப்பார்? செல்லோ வடிவம் விற்பனைக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கச்சேரிக்கு முந்தைய நாள்தான் பேத்தோவன் இதை எழுத உட்கார்ந்தார் என்று அவருடைய மாணவர் ஃபெர்டினான்ட் ரீஸ் சொல்லியிருக்கிறார். அவ்வளவு அவசரத்தில் எழுதுகிறவர் எதை நம்பி எழுதுவார்? புன்டோவின் உதட்டையும் கையையும்தான். அவர் கீழ் ஸ்தாயியில் பேர்போனவர், 1778இல் பாரிஸில் மோட்சார்ட்டே அவரைக் கேட்டு வியந்திருக்கிறார். நடுப் பகுதியைக் கவனியுங்கள். சோகம் தொனிக்கும் எஃப் மைனர் ஸ்வர வரிசை, மிகச் சின்னது. அந்த மைனருக்கு உயிரான ஏ ஃப்ளாட் என்ற ஸ்வரம் எஃப் சுருதி ஹார்னில் திறந்த ஸ்வரமாகக் கிடைக்காது, கையால் அடைத்தே எடுக்க வேண்டும். சோகம் எங்கே இருக்கிறதோ அங்கேயே குரல் மங்குகிறது! வால்வை அழுத்தினால் அந்த ஏ ஃப்ளாட் மற்ற ஸ்வரங்களைப் போலவே பளிச்சென்று வந்துவிடும்.

கொம்பு:
நான் வால்வு ஹார்னில் படித்தவன். ஒருமுறை வால்வைத் தொடாமல் அந்த நடுப் பகுதியை வாசித்துப் பார்த்தேன். சுருதி தடுமாறியது, ஆனால் எங்கே மூச்சை அடக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது வால்வில் வாசித்தாலும் அந்த இடத்தில் தானாக ஒலியைக் குறைக்கிறேன்.

தென்றல்:
சரி, நடுப் பகுதிக்கு ஒப்புக்கொள்கிறேன், ஏ ஃப்ளாட் விஷயத்தை நான் யோசித்ததில்லை. ஆனால் எதிரில் இருக்கும் பியானோவை மறக்காதீர்கள். அன்றைய பியானோ மரச்சட்டம், மெல்லிய ஒலி. இன்றைய இரும்புச் சட்டப் பியானோவுக்கு முன்னால் கை அடைத்த ஸ்வரம் அமுங்கியே போகும். பேத்தோவன் இரண்டு பேரையும் சமமாக வைத்து எழுதியிருக்கிறார். அந்தச் சமம் கெடுவதைவிட வால்வு எவ்வளவோ மேல்.

மலைமுகடு:
அப்படியென்றால் பியானோவையும் அந்தக் காலத்ததாக மாற்ற வேண்டும்.

தென்றல்:
இரண்டையும் மாற்றினால் நான் உங்கள் பக்கம். ஒன்றை மட்டும் மாற்றினால், கடைசிப் பகுதியான ரோண்டோவில் என் ஓட்டு வால்வுக்குத்தான்.